ஜூலோடு லியோனில் இரண்டு நாள்

பிரான்சில் நாய்க்குப் பேர் வைக்கிறதுக்கும் ஒரு வெர்ஷன் நம்பர் உண்டு. ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு எழுத்து. அந்த வருஷம் பிறந்த ஜாதி நாய்க்கெல்லாம் அந்த எழுத்துலதான் பேர் ஆரம்பிக்கணும். 2014க்கு ஜே. அதுக்கடுத்த 2015க்கு நேரா எல். நடுவுல கே எங்கேன்னு கேட்டா, கே, க்யூ, டபிள்யூ, எக்ஸ், ஒய், இஸட் ஆறுக்கும் பேர் கிடைக்கிறது கஷ்டம்னு பட்டியல்லேர்ந்தே தூக்கிட்டாங்க. சாதாரண நாய் வளர்க்கிறவங்களும் பழக்கத்துல இதையே பின்பற்றுறாங்க. ஆக, பார்க்குல யாராவது "ஜாஸ், இங்க வா"ன்னு கூப்பிட்டா, அந்த நாய்க்கு என்ன வயசுன்னு மனசுக்குள்ள கழிச்சல் கணக்குப் போட்டுக்கலாம். என்னை மாதிரி பொட்டி தட்டுறவனுக்கு இதைவிட சந்தோஷமான விஷயம் வேற என்ன வேணும்?

ஜூல் 2014. ப்ரித்தனி ஸ்பானியல். வெள்ளையில ஆரஞ்சுத் திட்டு, 15 கிலோ, வால்னு பேருக்கு ஒரு குட்டை. இந்த ஜாதியில நிறைய நாய் அப்படித்தான் பிறக்குமாம்.

ஜூல் என் நாய் இல்லை. இதை முதல்லயே சொல்லிடறேன். எனக்குக் கீழ் மாடியில இருந்த மதாமோட நாய். வயசு 78. நான் பாரிஸ் பக்கத்துல இந்தக் கட்டடத்துக்குக் குடிவந்து 3 வருஷம் ஆச்சு. முதல் ரெண்டு வருஷத்துல அவங்களுக்கும் எனக்கும் நடந்த மொத்த உரையாடலும் லிஃப்ட்டுல "போன்ஜூர்", "போன் ஜூர்னே" மட்டும்தான். அப்புறம் ஒரு குளிர்காலம் அவங்களுக்கு முழங்கால் வலி வந்தது. காலையில நான் ஓடப் போறதைப் பார்த்து, "நீங்க போறப்ப இவனையும் கூட்டிட்டுப் போக முடியுமா"ன்னு கேட்டாங்க. சரின்னேன். 2025 ஜூலையில மதாம் குளியலறையில வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சது. ஆம்புலன்ஸ்ல ஏத்தும்போது சாவியை என் கையில கொடுத்து, "ரெண்டு வாரம்"னாங்க.

ரெண்டு வாரம் மூணு மாசம் ஆச்சு. ஆஸ்பத்திரி, அப்புறம் நடைப்பயிற்சி மையம், அதுக்கப்புறம் லியோன்ல மகள் வீட்டுக்குப் பக்கத்துல ஒரு முதியோர் இல்லம். கீழ் மாடி வீட்டைக் காலி பண்ணியாச்சு. சோஃபா போச்சு, கட்டில் போச்சு. ஜூல் மட்டும் என் சமையலறையில, ஃப்ரிட்ஜுக்கும் சுவத்துக்கும் நடுவுல.

அம்மாகிட்ட இதைச் சொன்னப்ப வந்த பதில்: "நாயா? ஊட்டுக்குள்ளயா? அட கெரகமே!" எங்க ஊர் பவானி. அங்க எங்க வீட்டுலயும் நாய் இருந்தது. கேட்டுக்கு வெளியில. பேர் மணி. அதுக்கு முந்தினதும் மணி, அதுக்கும் முந்தினதும் மணி. வருஷம், எழுத்து எந்தக் கணக்கும் கிடையாது. ராத்திரி மிஞ்சின சோத்தை அப்பா கொண்டுபோய் கல்லு மேல வைப்பார். அது சாப்பிடும், குலைக்கும், ஒரு நாள் காணாமப் போகும். அவ்வளவுதான் உறவு. அந்த வீட்டுலேர்ந்து வந்தவன் இங்க ஒரு நாய்க்குக் காது சுத்தம் பண்ணிவிட்டுக்கிட்டு இருந்தா அம்மா என்னதான் சொல்லுவாங்க, பாவம்.

நிற்க.

அக்டோபர் கடைசியில மதாமோட மகள் போன் பண்ணினாங்க. "அம்மா ஜூலைப் பாக்கணும்ங்கறாங்க. அவன் விஷயத்துல ஒரு முடிவும் எடுக்கணும்." எனக்கு லீவு பாக்கி இருந்தது. லியோனும் பார்த்ததில்லை. மதாமைப் பார்க்கப் போறது சனிக்கிழமை மத்தியானம் 3 மணிக்கு. நானும் ஜூலும் வெள்ளிக்கிழமை காலையிலேயே கிளம்பிட்டோம். ஒரு முடிவுக்கு முன்னாடி ஒண்ணரை நாள் ஊர் சுத்தலாம்னு.

டிஜிவி ரயில்ல 6 கிலோவுக்கு மேல உள்ள நாய்க்குத் தனி டிக்கெட், வாய்க்குக் கூடு கட்டாயம். பிரான்சோட முதல் அதிவேகப் பாதையே 1981ல இந்த பாரிஸ்-லியோன் ரூட்டுலதான் திறந்தாங்க. ரெண்டு மணி நேரத்துல கொண்டுபோய் விட்டுடுது. ஜூல் அந்த ரெண்டு மணி நேரமும் என் ஷூ மேல தலையை வெச்சு, கூட்டுக்குள்ளேர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்துக்கிட்டே வந்தான். அந்தப் பார்வையை மொழிபெயர்க்க எனக்குத் தெம்பு இல்லை.

எதிர் சீட்டுல ஒரு அம்மா. உட்கார்ந்ததும் "போன்ஜூர்"னாங்க. எனக்கு இல்லை, ஜூலுக்கு. அப்புறம் அவன் வயசு, பேர், என்ன சாப்பிடறான், ரயில் பயமான்னு எல்லாம் கேட்டாங்க. கடைசியா, "நீங்க எந்த ஊர்?"

இதைக் கொஞ்சம் சொல்லணும். இந்த நாட்டுல எனக்குப் பெரிசா மோசமா எதுவும் நடந்ததில்லை. ஆனா பெஞ்சுல போய் உட்கார்ந்தா பக்கத்துல இருக்கிறவங்க பையை எடுத்து மடியில வெச்சுக்குவாங்க. கடையில போனா செக்யூரிட்டி ஒரு ஷெல்ஃப் தள்ளி கூடவே நடப்பார். யாரும் தப்பாப் பேச மாட்டாங்க. பேசவே மாட்டாங்க. 3 வருஷத்துல இது பழகிப் போச்சு. ஜூல் வந்த மறுநாளே எல்லாம் மாறிடுச்சு. பேக்கரிக்காரம்மா அவனுக்கு ரொட்டி முனை எடுத்து வைக்கிறாங்க. எதிர் கட்டடத்துத் தாத்தா முதுகுவலி பத்தி என்கிட்ட அரை மணி நேரம் பேசறார். அதே நான்தான், அதே ஜாக்கெட்தான். கையில ஒரு கயிறு, அந்தப் பக்க முனையில ஒரு நாய். சந்தோஷப்படறதா கடுப்பாகறதான்னு தெரியாம ரெண்டையும் மாத்தி மாத்திப் பண்ணிக்கிட்டு இருக்கேன். :-)

லியோன் ரெண்டு நதி ஊர். கிழக்கால ரோன், மேற்கால சோன். நடுவுல நாக்கு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கிற நிலத்துலதான் ஊரோட மையம். கி.மு. 43ல ரோமானியர்கள் லுக்துனும்னு பேர் வெச்சு உருவாக்கினது. பார்-தியூ ஸ்டேஷன்ல இறங்கி நேரா மேற்கால நடந்தா முதல்ல வர்றது ரோன். ஆத்தங்கரையில கீழ இறங்கிப் போற அகலமான நடைபாதை, 5 கிலோமீட்டர் நீளம். 2007 வரைக்கும் அந்த இடமெல்லாம் கார் நிறுத்துற இடமா இருந்ததாம். யோசிச்சுப் பாருங்க, ஒரு நகராட்சி ஆத்தங்கரையிலேர்ந்து காரை எடுத்துட்டு மனுஷனை விடறது! நம்ம ஊர்ல எதிர்த்திசையில போயிட்டு இருக்கோம்.

ஜூலுக்கு ரோன் பிடிக்கலை. ஆல்ப்ஸ் மலையிலேர்ந்து பனி கரைஞ்சு வர்ற தண்ணி. வேகம். சத்தம். படிக்கட்டுல ரெண்டு படி இறங்கினான், மூக்கை நீட்டினான், அப்படியே பின்னாடியே ஏறி வந்துட்டான். பாலத்தைக் கடந்து பெல்கூர் சதுக்கம் தாண்டி பத்து நிமிஷம் நடந்தா சோன். இது அப்படியே நேர்மாறு. குளம் மாதிரி நிக்குது. எந்தப் பக்கம் ஓடுதுன்னே கண்ணுக்குத் தெரியாதுன்னு ஜூலியஸ் சீசரே எழுதி வெச்சிருக்கார். அவர் பேரையே கொண்ட நம்ம ஜூல் அங்க முழங்கால் வரைக்கும் இறங்கி, நிதானமா குடிச்சுட்டு, கரையில உட்கார்ந்துட்டான். (ஜூல்னா பிரெஞ்சுல ஜூலியஸ்தான். எதேச்சை. நான் வெச்ச பேர் இல்லை.)

பெல்கூர்ல செயிந்த்-எக்ஸுபெரி சிலை இருக்கு, பக்கத்துல குட்டி இளவரசனோட. அவர் 1900ல இந்த ஊர்லதான் பிறந்தார். அந்தப் புத்தகத்துல வர்ற நரியைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லப் போறதில்லை. நாய், பூனை வளர்க்கிற அத்தனை பேரும் ஏற்கெனவே சொல்லியாச்சு.

நாயோட ஊர் பார்க்கப் போனா ஒரு விஷயம் நிச்சயம்: மியூசியம் கிடையாது. பட்டியல் போட்டு வெச்சிருந்ததுல முக்கால்வாசி அப்பவே போச்சு. மிஞ்சினது ஆறு, தெரு, படிக்கட்டு, மனுஷங்க. மலை மேல ஃபூர்வியேர் தேவாலயம் வெள்ளையா நின்னுக்கிட்டு இருந்தது. 11 வயசு முழங்காலை வெச்சுக்கிட்டு அந்த ஏத்தம் வேண்டாம்னு கீழேர்ந்தே ஒரு கும்பிடு.

கீழே பழைய லியோன். 15, 16ஆம் நூற்றாண்டுக் கட்டடங்கள். 1964ல பிரான்சோட முதல் பாதுகாக்கப்பட்ட நகரப் பகுதின்னு இதை அறிவிச்சதால இடிபடாம தப்பிச்சது. இங்க 'த்ரபூல்'னு ஒண்ணு இருக்கு. ஒரு தெருவுல சாதாரணமா ஒரு வீட்டுக் கதவு. தள்ளினா இருட்டா ஒரு நடை, அப்புறம் வானம் தெரியற முற்றம், சுருள் படிக்கட்டு, திரும்பவும் நடை. வெளியில வந்தா வேற தெரு. செயிந்த்-ழான் தெருவுல 54ஆம் எண் கதவுல நுழைஞ்சா பெஃப் தெருவுல 27ஆம் எண்ல வந்து சேரலாம். பழைய லியோன்லயே நீளமானது அதுதான். மேல ஜனங்க குடியிருக்காங்க, துணி காயுது, யாரோ வெங்காயம் வதக்கற வாசனை. அதனால சத்தம் போடக்கூடாது.

நான் சத்தம் போடலை. ஜூலோட நகம் போட்டது. கல்தரையில டிக் டிக் டிக் டிக்னு. குகை மாதிரி இருக்கிற நடையில அது நாலு மடங்காத் திரும்பி வந்தது. அவன் நின்னான். சத்தமும் நின்னுச்சு. நடந்தான். சத்தமும் நடந்தது. தனக்குப் பின்னாடி இன்னொரு நாய் வருதுன்னு முடிவே பண்ணிட்டான் போல. ஒவ்வொரு முற்றத்துலயும் நின்னு திரும்பிப் பார்த்து அந்த நாய்க்காகக் காத்திருந்தான். அது வரவே இல்லை. மாடி ஜன்னல்லேர்ந்து ஒரு பொண்ணு எட்டிப் பார்த்துச் சிரிச்சுட்டு "அவனுக்கு வழி தெரியலையா?"ன்னு கேட்டா. வழி அவனுக்குத் தெரியும், எனக்குத்தான் தெரியாதுன்னேன்.

மத்தியானச் சாப்பாடு ஒரு 'பூஷோன்'ல. லியோனோட சின்னச் சின்ன பாரம்பரிய சாப்பாட்டுக் கடைகளுக்கு அதான் பேர். மெனு கார்டு எனக்கு வர்றதுக்கு முன்னாடி தண்ணிக் கிண்ணம் ஜூலுக்கு வந்தது. சர்வர் ஒரு தமாஷ் சொன்னார்: "இந்த ஊருக்கு ரெண்டு நதி இல்லை, மூணு. ரோன், சோன், அப்புறம் போழலே." போழலேங்கறது பக்கத்து மலைச்சரிவுகள்ல விளையற ஒயின். பழைய ஜோக்காம். எனக்கு மட்டும் அது வேற மாதிரி கேட்டது. பவானியில காவிரியும் பவானியும் சேர்ற கூடுதுறையிலயும் மூணாவதா ஒரு நதி உண்டு. கண்ணுக்குத் தெரியாத அமுத நதி. எங்களுக்கு அமுதம், இவங்களுக்கு ஒயின். பெரிய வித்தியாசம் இல்லைன்னு சொன்னா ஊர்ல அடி விழும்.

சாப்பிட்டுட்டு சோன் கரையில பெஞ்சுல உட்கார்ந்தோம். பக்கத்துல ஒரு பெரியவர், ஓய்வு பெற்ற பள்ளிக்கூட வாத்தியார். வழக்கம்போல ஜூல்கிட்ட ஆரம்பிச்சு என்கிட்ட வந்தார். "இந்த ஊர்ப் பக்கம் ஒரு நாயையே புனிதரா கும்பிட்டிருக்காங்க, தெரியுமா?"ன்னார். தெரியாதுன்னேன். சொன்னார்.

லியோனுக்கு வடக்கே தோம்ப்னு ஒரு பகுதி. 13ஆம் நூற்றாண்டுல எத்தியேன் த பூர்போன்னு ஒரு தொமினிக்கன் துறவி அங்க பிரசங்கம் பண்ணப் போறார். பாவமன்னிப்பு கேட்க வந்த பொம்பளைங்க, "குழந்தைக்கு உடம்பு சரியில்லைன்னு புனித கின்ஃபோர்கிட்ட தூக்கிட்டுப் போனோம்"னு சொல்றாங்க. யார்ரா அந்த கின்ஃபோர்னு விசாரிச்சா, அது ஒரு வேட்டை நாய்! கதை இதுதான். ஒரு பிரபு வீட்டுல தொட்டில்ல குழந்தை. யாரும் இல்லாத நேரத்துல ஒரு பாம்பு தொட்டிலை நோக்கி வருது. நாய் பாய்ஞ்சு சண்டை போட்டு பாம்பைக் கொன்னுடுது. தொட்டில் கவிழ்ந்து கிடக்கு, நாய் வாயெல்லாம் ரத்தம். உள்ள வந்தவங்க, நாய் குழந்தையைத் தின்னுடுச்சுன்னு நெனைக்கிறாங்க. பிரபு வாளை எடுத்து ஒரே வெட்டு. அப்புறம் பார்த்தா...

அவர் முடிக்கிறதுக்குள்ள நான் எழுந்து நின்னுட்டேன். "குழந்தை தூங்கிக்கிட்டு இருக்கும், பக்கத்துல பாம்பு துண்டு துண்டாக் கிடக்கும்"னேன்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

எப்படித் தெரியுமா! ரெண்டாங்கிளாஸ்ல படிக்கிற எந்தத் தமிழ்ப் பையனுக்குத் தெரியாது? நம்ம கீரிப்பிள்ளை கதைங்க இது. தண்ணி எடுக்கப் போன அம்மா, வாசல்ல ரத்த வாயோட ஓடி வர்ற கீரி, தலையில போட்ட குடம். பஞ்சதந்திரத்துல இருக்கு. அது மட்டுமில்லை, சிலப்பதிகாரத்துலயே இருக்கு. அடைக்கலக் காதையில, கீரியைக் கொன்ன பாவத்துக்காகப் புருஷன் விட்டுட்டுப் போன பெண்ணுக்குக் கோவலன் பொருள் கொடுத்து உதவினதை மாடலன் சொல்வான். இதை அவருக்குச் சொல்லணும். கீரிக்கு பிரெஞ்சுல என்ன? போன்ல தேடினா 'மாங்கூஸ்த்'. நான் பதட்டத்துல 'மாங்கூஸ்தான்'னு சொல்லிட்டு இருந்திருக்கேன். அது பழம். பெரியவர் ஒரு மங்குஸ்தான் பழம் பாம்பைக் கடிச்சுக் கொன்ன கதையை ரொம்ப மரியாதையோட கேட்டுக்கிட்டு இருந்தார்.

விளங்கினதும் ரெண்டு பேரும் சிரிச்ச சிரிப்புல ஜூல் எழுந்து குலைச்சான். அப்புறம் அவர் மிச்சத்தைச் சொன்னார். அந்த நாயை ஒரு கிணத்துல போட்டுக் கல்லை மூடி, சுத்தி மரம் நட்டாங்களாம். சனங்க அங்க நோயாளிக் குழந்தைகளைக் கொண்டுவர ஆரம்பிச்சாங்க. துறவி அந்த எலும்பைத் தோண்டி எடுத்து, மரங்களையும் வெட்டி, சேர்த்துக் கொளுத்தச் சொல்லிட்டார். ஆனா சனங்க விடலை. 19ஆம் நூற்றாண்டு கடைசியிலயும் அந்தக் காட்டுக்குத் தாய்மார்கள் போயிட்டுத்தான் இருந்திருக்காங்க. ழான்-க்ளோத் ஷ்மித்னு ஒரு வரலாற்று ஆசிரியர் 1979ல இதைப் பத்தி முழுப் புத்தகமே எழுதியிருக்கார்.

"உங்க ஊர்ல கீரியைக் கும்பிடுவாங்களா?"ன்னு கேட்டார்.

இல்லைன்னேன். அந்தக் கதையை எங்ககிட்ட அவசரப்படாதேன்னு புத்தி சொல்ல மட்டும்தான் சொல்லுவாங்க. கீரி செத்தது செத்ததுதான். அதுக்கு ஒரு மரம் நடணும்னு எங்களுக்குத் தோணவே இல்லை.

"இங்கயும் பிரபுவுக்குத் தோணலை"ன்னார் பெரியவர். "குடியானவப் பொம்பளைங்களுக்குத்தான் தோணிச்சு."

கிளம்பும்போது அவர் கை கொடுத்தது எனக்கு. முதல்ல எனக்கு. அப்புறம்தான் ஜூலோட காதுக்குப் பின்னாடி சொறிஞ்சு விட்டார். சின்ன விஷயம்தான். ஞாபகம் வெச்சிருக்கேன்.

சாயங்காலம் மெதுவா தெற்கால நடந்து ரெண்டு நதியும் சேர்ற முனைக்குப் போனோம். மேல 2014ல திறந்த மியூசியம் கண்ணாடியும் இரும்புமா நிக்குது. கீழே நிலம் கூர்மையா முடியுது. ஒரு பக்கம் சோன், கொஞ்சம் பழுப்பு. இன்னொரு பக்கம் ரோன், பச்சை. சேர்ந்த உடனே கலக்காம ஒரு கோடு போட்ட மாதிரி பக்கத்துப் பக்கத்துல கொஞ்ச தூரம் போகுது. கூடுதுறையில தாத்தாவுக்குத் திதி கொடுத்தப்ப அப்பா இடுப்பளவு தண்ணியில நின்னது கண்ணுக்கு வந்தது. இங்க யாரும் திதி கொடுக்கலை. ரெண்டு பசங்க பீர் குடிச்சுக்கிட்டு இருந்தாங்க. ஜூல் அந்த முனையில குந்தி, தெக்குப் பக்கம் வர்ற காத்தை மோந்துக்கிட்டே இருந்தான். கூப்பிட்டதுக்கும் வரலை.

சனிக்கிழமை காலையில க்ருவா-ரூஸ் சரிவு. பட்டு நெசவாளர்களோட மேடு. லியோன்காரர் ஜாக்கார் 1804ல துளை போட்ட அட்டைகளால ஓடற தறியைக் கொண்டுவந்தார். அந்த அட்டைதான் சுத்திச் சுத்தி வந்து கம்ப்யூட்டர் பஞ்ச் கார்டு ஆச்சு, அதாவது எங்க பொழப்போட பூர்வீகம். 1831லயும் 1834லயும் இந்தச் சரிவுலதான் நெசவாளிங்க கூலிக்காகக் கிளர்ச்சி பண்ணினாங்க. இங்க வீடுகளுக்கு ஜன்னல் ரொம்ப உசரம். உள்ள கூரை 4 மீட்டர் இருக்கும். அந்தத் தறி உசரம் அப்படி. எங்க தாத்தா ஜமக்காளம் நெஞ்சவர். பவானியில தறி குழித்தறி, குழிக்குள்ள காலை விட்டு உட்கார்ந்து நெய்யணும். ஒரு ஊர்ல தறிக்காகக் கூரையை உசத்தினாங்க. இன்னொரு ஊர்ல தறிக்காகத் தரையைத் தோண்டினாங்க. கூலி மட்டும் ரெண்டு ஊர்லயும் ஒரே மாதிரிதான் இருந்திருக்கும் போல.

அங்கேர்ந்து இறங்கி சோன் கரையோரமா வடக்கே. மதாம் இருக்கிற இல்லம் அந்தப் பக்கம். வழியில ஷோவோ கரையில ஒரு பெரிய பழைய கட்டடம். இப்ப தேசிய இசைக் கல்லூரி, ஜன்னல்லேர்ந்து யாரோ ஒரே ஸ்வரத்தைத் திரும்பத் திரும்ப வாசிச்சுக்கிட்டு இருந்தாங்க. 1970கள் வரைக்கும் அங்க இருந்தது கால்நடை மருத்துவப் பள்ளி. உலகத்துல முதல் கால்நடை மருத்துவப் பள்ளி லியோனோடதுதான். க்ளோத் பூர்ழலான்னு குதிரையேற்றம் சொல்லிக்கொடுத்துக்கிட்டு இருந்த ஒருத்தர், மாட்டுக் கொள்ளை நோய் நாட்டைச் சீரழிச்ச காலத்துல, 1761ல அரசாங்க அனுமதி வாங்கி ஆரம்பிச்சது. ஜூல் அந்த வாசல்ல நின்னு காலைத் தூக்கினான். அவனுக்குத் தெரிஞ்ச மரியாதை.

3 மணி. இல்லத்தோட முன்னறையில மதாம் சக்கர நாற்காலியில இருந்தாங்க. தலைமுடி வெட்டியிருந்தாங்க, பாதியா இளைச்சிருந்தாங்க. நான் நெனைச்சிருந்தது, யூட்யூப்ல வர்ற மாதிரி அவன் ஊளையிட்டுக்கிட்டு ஓடுவான்னு. அப்படி எதுவும் நடக்கலை. மெதுவா போனான். செருப்பை மோந்தான். ரொம்ப நேரம் மோந்தான். அப்புறம் அவங்க பாதத்து மேல தாடையை வெச்சு, மூச்சை நீளமா விட்டுட்டுப் படுத்துட்டான். மதாம் அழலை. "குண்டாயிட்டான். ரொட்டி கொடுக்கறீங்க"ன்னாங்க என்னைப் பார்த்து.

அவங்க ரெண்டு பேரும் தனியா இருக்கட்டும்னு நான் காபி மெஷினுக்குப் போனேன். ஜூல் தலையைத் தூக்கிக்கூடப் பார்க்கலை. மூணு மாசம் காது சுத்தம் பண்ணினவன் போறான், ஒரு கண்ணைத் திறக்க வேண்டாமா? காபி கேவலமா இருந்தது. ரெண்டு கப் குடிச்சேன்.

2024 ஏப்ரல்ல ஒரு சட்டம் வந்தது. முதியோர் இல்லத்துல இருக்கிறவங்க செல்லப் பிராணியைக் கூட வெச்சுக்கலாம், அந்த இல்லத்துக் குழு வேண்டாம்னு சொல்லாத வரைக்கும், அவங்களால கவனிச்சுக்க முடியற வரைக்கும். மதாமால முடியாது. ஒரு நாளைக்கு மூணு தடவை யார் கூட்டிட்டுப் போறது? மகள் வீட்டுல பேரனுக்கு ஆஸ்துமா. இதையெல்லாம் மதாம் ஆபீஸ் மீட்டிங்ல பேசற மாதிரி வரிசையா சொன்னாங்க. அப்புறம் மடியிலிருந்த கவரை நீட்டினாங்க. அதுல ஜூலோட நீல நிற பாஸ்போர்ட், மைக்ரோசிப் பதிவு அட்டை, உரிமையாளர் மாத்தற படிவம். கையெழுத்து ஏற்கெனவே போட்டிருந்தது.

"உங்க வேலை எப்ப முடியுது?"ன்னு கேட்டாங்க.

"மார்ச்ல ப்ராஜெக்ட் முடியுது, மதாம். அதுக்கப்புறம் ஊருக்குத்தான்."

"அப்ப யோசிங்க. மாட்டேன்னு சொன்னா நான் கோவிச்சுக்க மாட்டேன். 'பார்க்கலாம்'னு சொன்னாத்தான் கோவம் வரும்."

இந்த நாட்டுல நாயை இலவசமா வாங்கிக்கிட்டாக்கூட முதல்ல ஒரு உறுதிப் பத்திரத்துல கையெழுத்துப் போடணும். 2021 சட்டம். இந்தப் பிராணியோட தேவைகளை மதிச்சு நடப்பேன்னு நம்ம கையாலயே எழுதணும். எழுதி 7 நாள் கழிச்சுதான் நாய் நம்மளோடது. யோசிக்கறதுக்காக அந்த 7 நாள். கல்யாணத்துக்குக்கூட நம்ம ஊர்ல இவ்வளவு டைம் கொடுக்க மாட்டாங்க.

பாரிஸ் திரும்பி, போன செவ்வாய்க்கிழமை டாக்டர்கிட்ட போய் பத்திரம் எழுதினேன். எழுத்துப்பிழை இல்லாம எழுத ரெண்டு தாள் ஆச்சு. ராத்திரியெல்லாம் இந்தியாவுக்கு நாய் கொண்டுபோற விதிமுறைகளைப் படிச்சுக்கிட்டு இருக்கேன். ரெண்டு வருஷத்துக்கு மேல வெளிநாட்டுல இருந்துட்டு ஒரேயடியா ஊர் திரும்புறவங்க கூட்டிட்டு வரலாம். சிப், வெறிநாய்த் தடுப்பூசி, உடல்நலச் சான்று, விலங்குத் தனிமைப்படுத்தல் அலுவலகத்தோட தடையில்லாச் சான்று. காகிதமெல்லாம் சரி பண்ணிடலாம், அது நம்ம தொழில். விமானத்தோட அடிவயித்துல ஒரு கூண்டுக்குள்ள 11 வயசுக் கிழவன் பத்து மணி நேரம் இருப்பானாங்கறதுதான் எந்த இணையதளத்துலயும் இல்லை. இங்கயே நல்ல வீடு பார்த்துக் கொடுத்துட்டுப் போகலாம். அதையும் ரெண்டு பேர்கிட்ட கேட்டு வெச்சிருக்கேன். அவங்க "பார்க்கலாம்"னு சொன்னாங்க.

7 நாள் நாளையோட முடியுது.

நேத்து ராத்திரி அம்மாகிட்ட வீடியோவுல எல்லாத்தையும் சொன்னேன். கின்ஃபோர் கதையையும் சேர்த்து. அம்மா ஒண்ணும் பேசலை. ஜூல் ஃப்ரிட்ஜ் ஓரத்துல குப்புறப் படுத்துக் குறட்டை விட்டுக்கிட்டு இருந்தான். "போனை அந்தப் பக்கம் திருப்பு"ன்னாங்க. திருப்பினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டே இருந்தாங்க.

"இத்தனை மசுரு இருக்குதே. நம்மூரு வெயிலத் தாங்குமா சாமி?"

"தெரியலம்மா."

"வெட்டி உட்ரலாம்"னாங்க.